இருபது

ஏற்காடு பஸ் கண்டக்டர் ஆரோக்கியதாஸ்
மதிய ட்ரிப்புக்கு முன்னால் வந்து
என் மேசையில் வைத்தது
பேனா இல்லை.
பேனா மாதிரி.
விற்கக் கூடாதென்று சட்டம் இருக்கிற பொருள்.
எங்கே கிடைத்தது என்று நான் கேட்கவில்லை.
"டூரிஸ்ட் எவனோ பின் சீட்ல விட்டுட்டுப் போனது"
என்றார் அவராகவே.
கேட்காத கேள்விக்கு வரும் பதிலில்
எப்போதும் கொஞ்சம் ஈரம் இருக்கும்.

"பீடிய விட்டு நாலு மாசம் ஆச்சு, ஷிஃபானா.
இது பத்தல.
புகை நல்லா வர்ற மாதிரி ஏத்திக் குடு.
செலவு மட்டும் ஏறக்கூடாது."

பிறகு பையைக் கவிழ்த்தார்.
ஐந்து ரூபாய்க் காசுகள்,
கூரியரில் வந்த புதுக் காயில்,
செத்துப்போன லேப்டாப்பின் வயிற்றிலிருந்து
உரித்தெடுத்த இரண்டு செல்கள்.
எல்லாம் ஒரே பைக்குள்.
காலையிலிருந்து இரண்டு முறை
மலை ஏறி இறங்கியிருக்கின்றன,
குலுங்கிக் குலுங்கி,
இடுப்புக்குப் பக்கத்தில்.

காசுக்கும் செல்லுக்கும் நடுவே இருந்தது
ஓரம் பிய்ந்த ரோஸ் நிறத் தோல்,
முட்டைக்குள் இருக்குமே, அவ்வளவு கனம்.
இந்தப் பையோடுதான்
"உள்ளே போங்க, உள்ளே போங்க" என்று
எழுபது பேருக்கு நடுவில் நுழைந்து வந்திருக்கிறார்.

கிழித்த டிக்கெட் ஒன்றின் பின்னால் கணக்குப் போட்டேன்.
நாலு வோல்ட்.
காயில் பாயிண்ட் இரண்டு ஓம்.
வகுத்தால் இருபது ஆம்பியர்.
இந்தக் கிழட்டு செல் தருவது ஐந்து,
அதுவும் நல்ல நாளில்.

"இருபதா? எங்க வளைவும் இருபதுதான்"
என்று சிரித்தார்.
"ஆட்டோ டயர மாட்டி அந்தப் பஸ்ஸ ஏத்துவீங்களாண்ணே?"
சிரிப்பு பாதியில் நின்றது.
பதினோராவது வளைவில்
ஒருமுறை பிரேக் சூடாகி நின்றதைச் சொன்னார்.
கல் வைத்தது இவர்தானாம்.

புதுக் காயிலைத் திருப்பிக் கொடுத்தேன்.
பழைய அளவிலேயே ஒன்றை மாட்டி
கருகிய பஞ்சை எடுத்து வெள்ளைப் பஞ்சு வைத்தேன்.
ஆடிய சார்ஜ் முனைக்கு ஒரு பொட்டு ஈயம்.
வேகமாய் ஏற்றும் போன் சார்ஜர் வேண்டாம்,
டப்பாவில் கிடந்த ஒரு ஆம்பியர் பழசு போதும்,
தூங்கும்போது போடாதீங்க.

"இப்பப் புகை கூடுமா?"
"கூடாது. கசப்பு குறையும்."
"உடம்புக்கு?"
"நான் டாக்டர் இல்லண்ணே, டிப்ளமோ."

நூற்று எழுபது என்றேன்.
காசை விரலால் தட்டித் தட்டி
அஞ்சஞ்சாய் அடுக்கினார், நூற்று நாற்பதில் தீர்ந்தது.
நான் கணக்குப் போட்ட அதே டிக்கெட்டை இழுத்து
ஓம் எழுதிய இடத்துக்குக் கீழே
"30" என்று எழுதிச் சுழித்துக் கொடுத்தார்,
பாக்கிச் சில்லறைக்கு எனக்கும் ஒரு சீட்டு.
வாழ்க்கையில் முதல் முறையாக
கண்டக்டர் எனக்குக் கடன்.

செல்கள் இரண்டையும் நான் தரவில்லை.
"நானூறு ரூபாய் அது" என்றார்.
ஹாரன் அடித்தது. ஓடிவிட்டார்.

இரவு ஷட்டர் இறக்கும் முன்
வாசல் மணல் வாளிக்குள் விரலை விட்டேன்.
ஒன்று குளிர்ந்து கிடந்தது.
இன்னொன்று
வெயிலில் கிடந்த கல் மாதிரி.
வெயில் போய் மூன்று மணி நேரம் ஆகிறது.

தட்டுவடை செட் வண்டிக்காரரை
பத்தடி தள்ளிப் போடச் சொன்னேன்.
"ஏம்மா?"
"மணல் சுடுதுங்க."
ஒரு மாதிரி பார்த்துவிட்டுத் தள்ளினார்.

தெரு முடிவில் மலை கறுப்பாய்.
அதன் மேல் நகரும் ஒரு வெளிச்சம்
கடைசி பஸ்ஸாக இருக்கலாம்.
வீட்டுக்குப் போன் செய்தேன்:
சாப்பிட்டுப் படுங்க,
எனக்கு லேட்டாகும்.
வாளிக்குக் கொஞ்சம் எட்ட
ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன்.